சாப்பிடாதவள்

“அதத் தொடாத! உன் தட்டு வெளிய இருக்குது!”

தஸ்லிம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். காலை ஏழு மணி. அடுப்படியில் மாமியார் ஃபகருன்னிசா முதுகைக் காட்டிக்கொண்டு இட்லித் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக இப்படித்தான், திரும்பாமல்தான் பேசுவாள். திரும்பினால் மருமகளின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும்.

பின்கட்டில், துணி துவைக்கும் கல்லின் மேல், ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

“மாமி... நான் எதையும் தின்னல மாமி. இன்னும் எத்தன தடவ சொல்றது?”

“அப்ப டாக்டரம்மா பொய் சொல்லுதா? பன்னிப் புழுன்னு எங்காதால கேட்டேன்டி! அஞ்சு வேள தொழுவற ஊட்ல... கம்பெனிக்குப் போறேன் கம்பெனிக்குப் போறேன்னு போயி, கண்ட புள்ளைங்களோட சேந்து கண்டதத் தின்னுட்டு... இப்ப தலைக்கு ஏறிக்கிச்சு!”

“கேன்டீன்ல சாம்பார் சோறுதான் மாமி போடுவாங்க...”

“பேசாத. நாளைக்கு ஜும்மா முடிஞ்சதும் உங்க அண்ணன் வராரு. கல்லாவிக்கு, உங்கண்ணன் ஊட்டுக்கே போயி மருந்தோ மாத்தரையோ தின்னு. ஃபிசா இங்கதான் இருப்பா. புள்ளைக்கும் புழுவக் குடுத்துடாத.”

தஸ்லிம் கல்லின் பக்கம் போனாள். டம்ளரை நிமிர்த்தினாள். அழ வேண்டும் என்று தோன்றியது, ஆனால் அதற்குக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

ஒரு வருடமாக அவள் தலைக்குள் என்னவோ நடந்துகொண்டிருந்தது. முதலில் தலைவலி. பிறகு பயம். ஷிஃப்டில் உட்கார்ந்து பலகையில் பாகங்களைப் பொருத்தும்போது பின்னாலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள். சூப்பர்வைசர் தன்னைப் பற்றி எல்லோரிடமும் பேசுகிறான் என்று ஒருநாள் கத்திவிட்டாள். வேலை போனது. வீட்டில் உப்பை இரண்டு தடவை போட்டாள், அல்லது போடவே மறந்தாள். பென்சிலைத் தொலைத்ததற்காக ஏழு வயது மகள் ஃபிசாவை ஓங்கி அறைந்தாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு சாயங்காலம் வரை அழுதாள்.

கிறுக்கு என்றார்கள். தர்காவுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினார்கள். தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். போன சனிக்கிழமை தண்ணீர் பிடிக்கும்போது குடத்தோடு சரிந்து விழுந்து, வலிப்பில் கைகால் வெட்டிக்கொண்டு கிடந்தாள். அப்புறம்தான் ஆஸ்பத்திரி, ஸ்கேன். மூளையில் சின்னச் சின்னதாக ஏழு கட்டிகள். அதற்குள் புழுவின் குஞ்சுகள் என்றார் டாக்டர் ஹரிணி. எந்தப் புழு என்று கேட்டவள் ஃபகருன்னிசாதான். பதிலில் முதல் வார்த்தைக்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை.

அந்த டாக்டர்தான் வீட்டில் இருக்கும் ஐந்து பேருக்கும் மலப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று ஆளுக்கொரு டப்பா கொடுத்து அனுப்பியது.

“டப்பாவுலயா! இந்த வயசுலயா!” என்று ஃபகருன்னிசா அலறினாள். “நான் என்ன உங்க கடக் கோழியா, உக்காந்து முட்ட போட்டுக் குடுக்க?”

மாமனார் குலாம் ரசூல் சிரிக்கவில்லை. ஜூஜுவாடி நெடுஞ்சாலையோரம் முப்பது வருடமாகக் கோழிக்கடை வைத்திருப்பவர். “நம்பித்தான் நாலு பேரு நம்ம கடைல கறி வாங்கறாங்க. நம்ம வயிறு சுத்தம்னு ஒரு காயிதம் இருக்கட்டும். குடு” என்றார். எல்லோரும் கொடுத்தார்கள். தஸ்லிமின் கணவன் சமியுல்லாவும் கொடுத்தான். கடைசியாக, அப்பா இரண்டு முறை கேட்ட பிறகு.

இன்று அந்தச் சீட்டுகள் வரும் நாள். கூட வர வீட்டில் யாரும் முன்வரவில்லை. அவளோடு ஒரே லைனில் வேலை செய்த அனிதா லீவு போட்டுவிட்டு வந்தாள்.

“கேன்டீன்ல கறி தின்னன்னா சொல்றாங்க உங்க மாமியாரு?” பேருந்தில் அனிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அங்க முட்டையே வாரத்துக்கு ஒருநாள்தான், அதுலயும் பாதி! அவங்கள ஒருநாள் கூட்டியாந்து அந்தச் சாம்பார ஊத்தணும்டி.”

தஸ்லிம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விடுறி. உன் மூளைக்குள்ள புழுதான இருக்குது. நம்ம சூப்பர்வைசருக்கு மூளையே கெடையாது, நல்லாத்தான இருக்கான்.”

தஸ்லிமுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு கண்ணீரும் வந்தது.

டாக்டர் ஹரிணிக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. ஐந்து சீட்டுகளையும் மேசையில் பரப்பினார்.

“நாலுல ஒண்ணுமில்ல. உங்களுதுலயும் இல்ல, குழந்தைக்கும் இல்ல.” ஐந்தாவதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “உங்க வீட்டுக்காரர நாளைக்கே வரச் சொல்லுங்க. அவர் குடல்லதான் பெரிய புழு இருக்கு. மாத்திரைல போயிடும்.”

“அவருக்கா? அவருக்குத் தலைவலின்னே ஒருநாள் வந்ததில்லீங்களே!”

“வராதும்மா. அரைவேக்காட்டுல அந்தக் கறியச் சாப்பிட்டவங்களுக்குக் குடல்ல புழு வளரும். பெரிசா ஒண்ணும் தெரியாது, நல்லாவே இருப்பாங்க. ஆனா அந்தப் புழுவோட முட்டை வெளிய வந்துட்டே இருக்கும். கைய சோப்பு போட்டுக் கழுவாம எதையாவது தொட்டா, அத இன்னொருத்தர் சாப்பிட்டா... முட்டை அவங்க வயித்துல பொரிஞ்சு, ரத்தத்தோட போய் மூளைல உக்காந்துக்கும். அந்தக் கறிய வாழ்க்கைல பாக்காதவங்களுக்கும் வரும்.”

தஸ்லிம் மெல்லக் கேட்டாள். “அப்ப... தலைல புழு இருக்கறவங்க தின்னவங்க இல்லீங்களா?”

“பெரும்பாலும் இல்ல. தின்னவங்க பக்கத்துல இருந்தவங்க.”

மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது. அனிதா அவள் தோளைப் பற்றினாள்.

“நீங்க பச்சையா என்ன சாப்பிடுவீங்க? சமைக்காம?” என்றார் டாக்டர்.

“வெள்ளரிக்கா... வெங்காயம். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு. கம்பெனிக்குக் கொண்டுபோவேன்.”

“யாரு நறுக்குவாங்க?”

தஸ்லிம் டாக்டர் பக்கம் இருந்த ஐந்தாவது சீட்டைப் பார்த்தாள்.

ஆறு மணி ஷிஃப்டுக்கு வேன் ஐந்தேகாலுக்கு வந்துவிடும். சமியுல்லா நாலரைக்கே எழுந்துவிடுவான். அவள் தலை சீவும் நேரத்தில் வெள்ளரிக்காயை மெலிதாக அரிந்து, வெங்காயம் சேர்த்து, டப்பாவில் போட்டு மூடி வைப்பான். இரண்டு வருடம், ஒரு ஷிஃப்டு தவறியதில்லை. ‘பொண்டாட்டிக்கு டிபன் கட்டறான் பாரு எம்மவன், கலெக்டரு உத்தியோகத்துக்குப் போறா!’ என்று மாமியார் இடிப்பாள். அவன் சிரிப்பான். ஊரில் எந்த ஆண்பிள்ளை இதைச் செய்வான் என்று அவள் பெருமைப்பட்டிருக்கிறாள். அந்த டப்பாவை அவள் மட்டும்தான் சாப்பிட்டாள்.

“கொத்தமல்லி, கீரை, வெளியில வாங்கறது... இதுலயும் வரலாம்” என்றார் டாக்டர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. “அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வீட்லயே ஒருத்தர் இருக்கும்போது...”

“டாக்டர்... இந்தப் பயம், கோவம், யாரோ கூப்பிடற மாதிரி கேக்கறது, இதெல்லாமும் புழுவா?”

“இருக்கலாம். கட்டி இருக்கற எடத்தப் பாத்தா சம்பந்தம் இருக்கும்னுதான் தோணுது. எல்லாமே அதுதான்னு நான் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை அட்மிட் ஆகுங்க. வீட்ல வெச்சு மருந்து குடுக்க முடியாது, புழு சாகும்போது மூளை வீங்கும். கூட ஒரு லேடீஸ் இருக்கணும்.”

சாயங்காலம் மொட்டைமாடியில் சமியுல்லா காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தான். கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் அத்திப்பள்ளிப் பக்கம் வரிசையாக ஊர்ந்தன. தஸ்லிம் அவன் முன்னால் சீட்டை நீட்டினாள். அவன் அதை வாங்கவில்லை. பார்த்தான், அவ்வளவுதான்.

“நான் கம்பெனிக்குப் போறதுக்கு முன்னாடி, நீங்க கர்நாடகா யூனிட்ல வேலைக்குப் போயி பதினோரு மாசம் இருந்தீங்களே... அங்கயா?”

துண்டு அவன் கையிலிருந்து நழுவியது.

“ரூம்ல ஆறு பேரு தஸ்லிம்... ஞாயித்துக்கெழம சமைப்பானுங்க. மொத தடவ எனக்குத் தெரியாது. மட்டன்னு சொன்னானுங்க. அல்லா மேல ஆணையா தெரியாது.”

“ரெண்டாவது தடவ?”

அவன் லாரிகளைப் பார்த்தான். 

“தெரியும்.”

“தின்னதப் பத்தி நான் கேக்கலீங்க. அது உங்களுக்கும் அல்லாவுக்கும் உள்ளது. திங்கக்கெழம டாக்டரம்மா புழுவோட பேரச் சொன்னாங்களே... அப்பவே உங்களுக்குப் புரிஞ்சிருக்கணும். மாமி என் தட்டக் கல்லு மேல வெச்சாங்க. பாத்துட்டுத்தான நின்னீங்க? வாயத் தொறக்கலியே!”

“பயந்துட்டேன்... தெரிஞ்சா அத்தா கடைல ஒரு ஈ காக்கா வராது. அம்மா உசுர உட்ரும்...”

“அப்ப நான்?”

“உனக்கு ஒடம்பு முடியலன்னு எல்லாருக்கும் தெரியும். ஒன்ன யாரும் பெரிசா...” அவன் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

அவள் நின்றபடியே பார்த்தாள். கிறுக்கிதானே, ஒரு பழி கூடினால் என்ன! அதுதான் அவன் சொல்ல வந்தது. கத்தலாம். கீழே போய்ச் சீட்டைக் காட்டலாம். ஆனால் ஒரு வருடமாக அவள் கத்தியதையெல்லாம் இந்த வீடு கேட்டிருக்கிறது. இதையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்கும். அவளுக்குக் களைப்பாக இருந்தது.

“ஃபிசாவ என்கூட அனுப்புங்க. அது போதும். நான் யார்கிட்டயும் சொல்லல.”

“அம்மாகிட்டப் பேசறேன்.”

“பேசுவீங்களா?”

“பேசறேன் தஸ்லிம்... சத்தியமா பேசறேன்.”

கீழே இறங்கியதும் சீட்டுகளைப் பற்றி மாமனார் கேட்டார். எல்லாருக்கும் ஒன்றுமில்லையாம் என்றாள்.

“பாத்தீங்களா!” ஃபகருன்னிசா கையை உயர்த்தினாள். “எங்க வயிறு சுத்தம்! யாரு வயித்துல என்னா போச்சுன்னு இப்பவாவது தெரிஞ்சுதா?”

சமியுல்லா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அன்று அவன் பேசவில்லை. மறுநாள் காலையிலும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பும்போதே கல்லாவியிலிருந்து அண்ணன் வந்துவிட்டார். வாசலிலேயே நின்றார். தஸ்லிமின் பை கதவோரம் தயாராக இருந்தது. மறுநாள் கல்லாவியிலிருந்தே வந்து ஆஸ்பத்திரியில் சேர்வதாக ஏற்பாடு. ஃபிசா அம்மாவின் முந்தானையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

“புள்ள இங்க இருக்கட்டும்” என்றாள் ஃபகருன்னிசா. “உடு கண்ணு, அம்மாவ உடு.”

“மாட்டேன்!”

தஸ்லிம் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “மாமி, ஒரு நிமிசம். எந்தங்கச்சியக் கிறுக்குன்னீங்க, கம்முனு இருந்தேன். பேய் புடிச்சிருக்குன்னீங்க, அதுக்கும் கம்முனு இருந்தேன். இப்ப ஹராம் தின்னவன்னு தெருவெல்லாம் சொல்லிட்டீங்க. எங்கூட்டுக்கு அவ இந்தப் பேரோட வர முடியாது. அல்லா மேல ஆணையா சொல்லட்டும். அவ மட்டுமில்ல, இந்தூட்ல இருக்கற எல்லாரும் சொல்லுங்க!”

“நாங்க என்னாத்துக்குச் சொல்லணும்?”

“சொன்னா என்ன போச்சு?” குலாம் ரசூல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். “ஞாயம்தான். அல்லா மேல ஆணையா நான் அதத் தொட்டதில்ல.”

“அல்லா மேல ஆணையா நானும்தான்!” என்றாள் ஃபகருன்னிசா, தெருவுக்கே கேட்கும்படி.

“அல்லா மேல ஆணையா நான் தின்னல” என்றாள் தஸ்லிம். 

எல்லோரும் சமியுல்லாவைப் பார்த்தார்கள், சும்மாதான், முறை வந்ததால். அவன் வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அண்ணன் புருவத்தைச் சுருக்கினார்.

“சொல்றா” என்றார் குலாம் ரசூல்.

“அத்தா...”

“சொல்லிட்டுப் போயேன்டா! அண்ணன் பஸ்ஸப் புடிக்கணும்!” என்றாள் ஃபகருன்னிசா.

“என்னால முடியாது அத்தா... நான்தான்... எனக்குத்தான் புழு. சீட்டுல இருக்குது. அவ உங்ககிட்ட மறச்சிட்டா. நான் பயந்தேன்னுதான் மறச்சா. அவ தின்னல... நான் தின்னுட்டு வந்து, அந்தக் கையாலதான் அவளுக்கு...”

ஃபகருன்னிசாவின் கை பளாரென்று அவன் கன்னத்தில் இறங்கியது. இன்னொரு முறை ஓங்கினாள். கை பாதியில் நின்றது. அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

“மூணு நாளா... கல்லு மேல சோறு போட்டேனே... நாய்க்குப் போடற மாதிரி... ஏன்டி! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? வாயில்லியா உனக்கு?”

“இருந்துச்சு மாமி. நான் சொன்னா நம்பியிருப்பீங்களா?”

ஃபகருன்னிசா எட்டி மருமகளின் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கி அழுதாள். தஸ்லிமும் அவளருகே உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஃபிசா என்னவென்று தெரியாமலேயே அழுதாள்.

சமியுல்லா கிட்டே வந்தான். “தஸ்லிம்... நான் சொல்லிட்டேன்ல...”

அவள் நிமிர்ந்தாள்.

“எனக்காகச் சொல்லலீங்க. பொய்ச் சத்தியத்துக்குப் பயந்துக்கிட்டுச் சொன்னீங்க. என் பேரு போச்சு, வாயத் தொறக்கல. புள்ளையப் புடுங்குனாங்க, அப்பவும் தொறக்கல. ஆணையிடச் சொன்னப்பதான் தொறந்துச்சு.”

அவன் அங்கேயே நின்றான். குலாம் ரசூல் மகனைப் பார்க்காமல் பேசினார்: “காலைல மொத வேலையா ஆஸ்பத்திரிக்குப் போ. மாத்தரையப் போடு. மத்ததெல்லாம் அப்பறம்.”

ஃபிசாவின் துணிகளை ஃபகருன்னிசாவே எடுத்து மடித்து வைத்தாள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. தஸ்லிம் இங்கிருந்தே மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, மருந்து முடிந்ததும் கல்லாவிக்கு வருவாள், அதற்குப் பிறகு என்ன என்பதை அவளே சொல்லட்டும் என்று பேச்சு முடிந்தது. ஃபிசா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை ஆட்டோ வந்து நின்றபோது தெருக்குழாயில் பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். ஃபகருன்னிசா இடுப்பில் பையோடு நேரே அங்கே போனாள்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. எம்மருமவ எதையும் தின்னல. நான் சொன்னது பொய்.”

குடத்தை நிமிர்த்திக்கொண்டு வீரலட்சுமி கேட்டாள். “அப்பறம் தின்னது யாருக்கா?”

தஸ்லிம் ஆட்டோவுக்குள்ளிருந்து, “மாமி, வேண்டாம், வாங்க...” என்றாள்.

“எம்மவன்” என்றாள் ஃபகருன்னிசா. குழாயில் தண்ணீர் வழிந்து ஓடியது. யாரும் மூடவில்லை.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. “பொம்பள வார்டாம். கூட ஒரு பொம்பளதான் இருக்கணுமாம். எனக்கு ஒண்ணும் வேலையில்ல, நான் இருக்கறேன்” என்றாள், யாரோ கேட்டதுபோல.

மருந்து ஆரம்பித்த மூன்றாம் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. தஸ்லிம் வாந்தியெடுத்தாள். ஃபகருன்னிசா கிண்ணத்தைப் பிடித்தாள், கழுவினாள், மறுபடியும் பிடித்தாள். நர்ஸைத் துரத்தித் துரத்திக் கூட்டிவந்தாள். நான்காம் நாள் வலி கொஞ்சம் அடங்கியது. ஐந்தாம் நாள் மதியம், பக்கத்துக் கட்டில் பெண் தூங்கிய பிறகு, ஃபகருன்னிசா ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டாள்.

“ஏங்கண்ணு... ஒண்ணு கேக்கட்டா?”

“கேளுங்க மாமி.”

“ஒரு வருசமா என்னென்னமோ பேசின. என்னையும் பேசின. ஊட்டு வேலக்காரிய வெச்சிருக்கற மாதிரி வெச்சிருக்கேன்னு... எம்மனசுல ஈரமே இல்லன்னு... அதெல்லாம் புழு பேசுச்சா? நீ பேசினியா?”

தஸ்லிம் விட்டத்தைப் பார்த்து யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

“பாதி புழு மாமி.”

“மீதி?”

“மீதி நான்தான்.”

ஃபகருன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கீழ நிக்கறான் அவன். டெய்லி வந்து நிக்கறான். மேல உட மாட்டேங்கறாங்க. அந்த மாத்தரைய அன்னைக்கே போட்டுட்டானாம்.” பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அவன மன்னிச்சிடுவியா கண்ணு?”

நர்ஸ் அடுத்த வேளை மாத்திரைகளோடு வந்தாள். தஸ்லிம் எழுந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

“மருந்து முடியட்டும் மாமி. அப்பறம் எவ்வளவு கோவம் மிஞ்சுதுன்னு பாக்கலாம். மிஞ்சறதுதான் என்னோடது.”

ஃபகருன்னிசா தலையசைத்தாள். பிறகு எழுந்து, சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகும்படி மகனிடம் சொல்ல, படியிறங்கிப் போனாள்.